தொப்பிப் பெட்டியில் வந்த பொக்கிஷம்

1845-ம் ஆண்டு. ஜெர்மனியிலிருந்து வடக்கு நோக்கி ஒரு குதிரை வண்டி போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்த பிரயாணிகளில் ஒருவருக்குத் தம்முடைய தொப்பிப் பெட்டியின் மீதே கண்.

வண்டி எங்கே நின்றாலும் அவர் தண்ணீரைத் தேடுவார். பெட்டிக்குள் இருந்த தகரப் பாத்திரங்களைக் குளிர்ந்த நீரால் நனைப்பார். பிறகுதான் மற்ற வேலை. வழி நெடுகிலும் அவர் இப்படியே செய்துகொண்டு போனார் என்று சொல்லுவார்கள்.

பாத்திரத்துக்குள் இருந்தது என்ன? தங்கமா? வைரமா? இரண்டும் இல்லை. சேறு போன்ற ஒரு பொருள். அதன் பெயர் ஈஸ்ட்.

அந்தச் சேறு சூடேறினால் கெட்டுவிடும். கெட்டால் பல நூறு மைல் பிரயாணம் வீண். அது உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தது. அதனால் ஒரு நாட்டின் தொழில் மாறியது. விஞ்ஞானம் வளர்ந்தது. ஒரு தகப்பனும் மகனும் பகைவர்கள் ஆனார்கள்!

தொப்பிப் பெட்டிக்காரரின் பெயர் ஜேக்கப் கிறிஸ்டியன் ஜேக்கப்சன். கார்ல்ஸ்பெர்க் என்ற பீரை உலகுக்குக் கொடுத்தவர். பீர் குடிப்பது நல்லதா, கெட்டதா என்பது வேறு விஷயம். அதைக் காய்ச்சிய மனிதரின் கதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

காய்ச்சுகிறவரின் மகன்

ஐரோப்பாவின் வடக்கே உள்ள சிறிய நாடு டென்மார்க். அதன் தலைநகரம் கோப்பன்ஹேகன். அங்கே 1811-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி ஜேக்கப்சன் பிறந்தார்.

அவருடைய தகப்பனார் குடியானவர் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஜட்லண்டு என்ற பகுதியிலிருந்து பிழைப்புத் தேடிப் பட்டணம் வந்தவர். அரசருடைய பீர் சாலையில் கூலிக்கு வேலை பார்த்துத் தொழிலைக் கற்றுக்கொண்டார். பிறகு சொந்தமாகவே பீர் காய்ச்சத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் பீர் காய்ச்சுகிறவர்கள் விரலை விட்டுப் பார்த்தே சூட்டை மதிப்பிடுவார்கள். பெரிய ஜேக்கப்சன் உஷ்ணமானியை வைத்து அளந்து பார்த்தார். கைப்பழக்கத்தை மட்டும் நம்பக் கூடாது, அளந்து பார்க்க வேண்டும் என்ற பாடத்தை மகன் வீட்டிலேயே கற்றுக்கொண்டான்.

வெளியிலும் ஒரு குரு கிடைத்தார். மின்சாரம் பாயும் கம்பிக்கு அருகே காந்த ஊசி அசையும் என்று 1820-ம் ஆண்டு கண்டுபிடித்த ஓர்ஸ்டெட் என்ற விஞ்ஞானிதான் அவர். கோப்பன்ஹேகனில் அவர் செய்த பிரசங்கங்களை இளைஞர் ஜேக்கப்சன் சென்று கேட்டார். காலேஜில் படித்துப் பட்டம் வாங்கவில்லை. ஆனால், விஞ்ஞானத்தின் மீது வந்த பக்தி கடைசி வரை போகவில்லை.

1835-ம் ஆண்டு தகப்பனார் இறந்தார். தொழில் மகன் கைக்கு வந்தது.

புளித்துப் போன தொழில்

பீர் எப்படி உண்டாகிறது? பார்லி தானியத்தை ஊறவைத்து முளைகட்டுவார்கள். அதைக் காயவைத்து, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு இறங்கும். ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டு அந்தச் சாற்றைக் கொதிக்கவைப்பார்கள். கசப்பும் மணமும் அதனால் வருகிறது. ஆறிய பிறகு ஈஸ்ட்டைச் சேர்ப்பார்கள். ஈஸ்ட் கண்ணுக்குத் தெரியாத உயிர். அது சாற்றில் உள்ள சர்க்கரையைத் தின்று, மதுச்சாரத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். நுரை பொங்குவது அந்த வாயுவினால்தான்.

இட்லி மாவைக் கரைத்து வைத்தால் பொங்குகிறதல்லவா? ஏறக்குறைய அந்த மாதிரிதான். மாவு ஒரு நாள் நன்றாக வரும். மறுநாள் புளித்துப்போகும். பீர் காய்ச்சுகிறவர்களுக்கும் அதே கஷ்டம் இருந்தது.

டென்மார்க்கில் அப்போது காய்ச்சிய பீர் சீக்கிரம் புளித்துவிடும். ஒரு பீப்பாய் போல மறு பீப்பாய் இருக்காது. ஆனால் ஜெர்மனியில், பவேரியா ராஜ்யத்தில், வேறு விதமான பீர் இருந்தது. அங்கே ஈஸ்ட் மேலே மிதக்காது. பாத்திரத்தின் அடியில் படியும். குளிர்ச்சியில் மெதுவாக வேலை செய்யும். அப்படிக் காய்ச்சிய பீரை நிலவறையில் மாதக்கணக்கில் ஆறப்போடுவார்கள். அது தெளிவாக இருக்கும். நாள்பட நிற்கும்.

அந்தப் பீரைத் தம் ஊரில் காய்ச்ச வேண்டும் என்று ஜேக்கப்சன் ஆசைப்பட்டார். தாயார் துணி வெளுக்கும் செப்புக் கொப்பரையில் காய்ச்சிப் பார்த்தார். சரியாக வரவில்லை. நல்ல ஈஸ்ட் இல்லாமல் காரியம் நடக்காது என்று தெரிந்துகொண்டார்.

மூனிக் பிரயாணம்

பவேரியாவின் தலைநகரம் மூனிக். அங்கே ஸ்பாட்டன் என்ற பீர் சாலையை நடத்தியவர் காப்ரியேல் செட்ல்மையர். அவரும் 1811-ம் ஆண்டு பிறந்தவர்தான்.

செட்ல்மையரின் கதையும் சுவையானது. 1833-ம் ஆண்டு அவர் தம் நண்பர் ஒருவரோடு இங்கிலாந்துக்குப் போனார். அங்கே பீர் சாலைகளைச் சுற்றிப் பார்த்தார்கள். அவர்கள் கையில் இருந்த கைத்தடி சாதாரணக் கைத்தடி அல்ல. உள்ளே குடைந்த தடி! தொட்டியில் அதை நுழைத்து, யாரும் அறியாமல் கொஞ்சம் சாற்றை எடுத்துக்கொள்வார்கள். விடுதிக்குப் போய் அதைச் சோதித்துப் பார்ப்பார்கள்.

அந்தத் தொழிலில் அப்போது இருந்த நிலைமை அது. ஒருவனுக்குத் தெரிந்ததை மற்றவனுக்குச் சொல்லமாட்டான். வேண்டுமானால் திருடித்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

1845-ம் ஆண்டு ஜேக்கப்சன் மூனிக் சென்றார். செட்ல்மையரின் சாலையிலிருந்து இரண்டு பாத்திரம் ஈஸ்ட்டைக் கொண்டுவந்தார். அதுதான் தொப்பிப் பெட்டியில் வந்த பொக்கிஷம்.

குளிர்ந்த நிலவறைக்கு என்ன செய்வது? கோப்பன்ஹேகன் நகரைச் சுற்றிக் கோட்டை மதில் இருந்தது. அதன் அடியில் அறைகள் இருந்தன. அவற்றை உபயோகிக்க அனுமதி வாங்கினார். பீப்பாய்களை அங்கே அடுக்கினார். ஈஸ்ட் தன் வேலையைச் செய்தது. ஜனங்கள் அந்தப் பீரை விரும்பி வாங்கினார்கள்.

மகன் பெயரில் ஒரு குன்று

நகரத்துக்குள் இடம் போதவில்லை. நகருக்கு வெளியே வால்பி என்ற இடத்தில் ஒரு குன்று இருந்தது. நல்ல தண்ணீர் கிடைத்தது. டென்மார்க்கின் முதல் ரெயில் பாதையும் அந்தப் பக்கமாகவே வந்தது. அங்கே புதிய தொழிற்சாலையைக் கட்டினார்.

1847-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி அங்கே முதல் பீர் காய்ச்சப்பட்டது.

தொழிற்சாலைக்கு என்ன பெயர் வைப்பது? ஜேக்கப்சனுக்கு ஒரே மகன். பெயர் கார்ல். அப்போது அவனுக்கு வயது 5. பெர்க் என்றால் மலை. இரண்டையும் சேர்த்தார். கார்ல்ஸ்பெர்க் என்ற பெயர் பிறந்தது.

செல்ல மகனுக்காக வைத்த பெயர் அது. அந்தப் பெயருக்காகவே பின்னாளில் தகப்பனும் மகனும் சண்டை போடப் போகிறார்கள் என்று யார் கண்டது?

தொழில் வளர்ந்தது. 1867-ம் ஆண்டு தொழிற்சாலையில் தீப்பிடித்துப் பெரும் சேதம் ஏற்பட்டது. ஜேக்கப்சன் மனம் தளரவில்லை. மறுபடியும் கட்டினார். அடுத்த வருடமே அவருடைய பீர் பிரிட்டனுக்கு ஏற்றுமதி ஆயிற்று.

பணம் குவிந்தது. அதை அவர் பூட்டி வைக்கவில்லை. பிரெடெரிக்ஸ்போர்க் என்ற பழைய அரண்மனை 1859-ம் ஆண்டு எரிந்துபோயிருந்தது. அதைத் திரும்பக் கட்டப் பணம் கொடுத்தார். 1878-ம் ஆண்டு அதைத் தேசியச் சரித்திரப் பொருட்காட்சி சாலையாக ஆக்கினார்.

பீர் சாலையில் ஆராய்ச்சி

1875-ம் ஆண்டு ஜேக்கப்சன் ஒரு காரியம் செய்தார். அதை மற்ற முதலாளிகள் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்திருக்கலாம். தொழிற்சாலையில் ஓர் ஆராய்ச்சிசாலையை ஏற்படுத்தினார்.

அதற்கு அவர் விதித்த நிபந்தனைதான் ஆச்சரியமானது. அங்கே கண்டுபிடிக்கும் முக்கியமான எந்த உண்மையையும் மறைத்து வைக்கக் கூடாது. உலகம் முழுவதும் அறியும்படி வெளியிட வேண்டும் என்றார்.

செலவு அவருடையது. பலன் எல்லோருக்கும்!

மறு ஆண்டு, 1876-ல், கார்ல்ஸ்பெர்க் அறநிதி என்ற ஸ்தாபனத்தை 10 லட்சம் குரோனர் மூலதனத்தில் நிறுவினார். அதை நடத்தும் பொறுப்பை வியாபாரிகளிடம் கொடுக்கவில்லை. டென்மார்க்கின் விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் ஐந்து பேரிடம் கொடுத்தார்.

பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் மீது அவருக்குப் பெருமதிப்பு. பீர் ஏன் கெட்டுப்போகிறது என்று பாஸ்டர் ஆராய்ந்து 1876-ம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே காரணம் என்று காட்டியிருந்தார். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கிருமிகள் இல்லாதபோதும் சில சமயம் பீர் கெடுகிறதே, அது ஏன்?

பெயிண்டர் கண்ட விடை

அதற்கு விடை கண்டவர் எமில் கிறிஸ்டியன் ஹான்சென். ஏழை வீட்டுப் பிள்ளை. வீடுகளுக்கு வர்ணம் அடித்துப் பிழைத்தவர். கதை எழுதிக் காசு சம்பாதித்துப் படித்தவர். காளான்களைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதித் தங்கப் பதக்கம் பெற்றவர். 1879-ம் ஆண்டு ஜேக்கப்சனின் ஆராய்ச்சிசாலையில் ஒரு பிரிவுக்குத் தலைவர் ஆனார்.

அவர் 1842-ம் ஆண்டு பிறந்தவர். ஜேக்கப்சனின் மகன் கார்ல் பிறந்ததும் அதே ஆண்டில்தான்!

1883-ம் ஆண்டு. கார்ல்ஸ்பெர்க் பீரிலேயே கோளாறு கண்டது. கசந்தது. நாற்றம் அடித்தது. ஜேக்கப்சனின் பெயருக்கே ஆபத்து!

ஹான்சென் பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஈஸ்ட் என்பது ஒரே ஜாதி அல்ல என்று கண்டார். நல்ல ஈஸ்ட்டோடு காட்டு ஈஸ்ட்டும் கலந்திருந்தது. நெல் வயலில் களை முளைப்பது போல! பீரைக் கெடுத்தது அந்தக் களைதான்.

களையை எப்படிப் பிடுங்குவது? ஈஸ்ட் கலந்த திரவத்தில் தண்ணீரைச் சேர்த்துச் சேர்த்து நீர்க்கச் செய்தார் ஹான்சென். கடைசியில் ஒரு துளிக்கு ஒரே ஒரு உயிரணு இருக்கும்படி பிரித்தார். அந்த ஒன்றை மட்டும் வளர்த்தார். ஒன்று இரண்டாயிற்று. இரண்டு கோடியாயிற்று. எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள். கலப்பே இல்லை.

1883-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி அந்தச் சுத்தமான ஈஸ்ட்டைப் போட்டுக் கார்ல்ஸ்பெர்க்கில் பீர் காய்ச்சினார்கள். கோளாறு நீங்கியது!

இப்போது ஜேக்கப்சனின் கையில் இருந்தது, எந்த முதலாளியும் கனவு காணும் ரகசியம். அதைப் பூட்டி வைத்திருந்தால் போட்டிக்காரர்களின் பீர் கெட்டுக்கொண்டே இருக்கும். அவர் மட்டும் கோடி கோடியாகச் சம்பாதித்திருக்கலாம்.

அவர் பூட்டவில்லை. முறையை வெளியிடச் செய்தார். கேட்டவர்களுக்கு ஈஸ்ட்டையும் கொடுத்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்த முறை பரவியது. கைத்தடியில் திருடிய தொழிலில் கை நிறைய அள்ளிக் கொடுத்த முதல்வர் அவர்தான் என்று சொல்லலாம்.

1884-ம் ஆண்டு மருத்துவ மகாநாட்டுக்காகக் கோப்பன்ஹேகன் வந்த பாஸ்டர், இந்த ஆராய்ச்சிசாலையை நேரில் வந்து பார்த்தார்.

வீட்டிலே போர்

ஊருக்கெல்லாம் கொடுத்த அந்தக் கை, சொந்த மகனுக்கு மட்டும் மூடிக்கொண்டது.

கார்ல் வெளிநாடுகளில் தொழில் கற்றுத் திரும்பினார். தகப்பனார் தம் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று கட்டி, அதை மகனுக்குக் குத்தகைக்கு விட்டார். 1871-ம் ஆண்டு கார்ல் அங்கே வேலையைத் தொடங்கினார்.

இருவருக்கும் அபிப்பிராய பேதம் வளர்ந்தது. பீர் நிலவறையில் நீண்ட நாள் ஆற வேண்டும் என்பது தகப்பனார் கட்சி. அவசரப்பட்டு வெளியே அனுப்பினால் பெயர் கெடும் என்றார். ஜனங்கள் வேண்டும் என்கிறார்கள், சீக்கிரம் கொடுத்தால் என்ன என்பது மகன் கட்சி. அதிகமாகக் காய்ச்சினார். அதிகமாக விற்றார். தகப்பனார் அளவைக் குறைக்கச் சொன்னார். மகன் கேட்கவில்லை.

பிறகு பெயரில் தகராறு வந்தது. எந்தப் பீருக்குக் கார்ல்ஸ்பெர்க் என்ற பெயர் உரியது? கட்டியவர் தகப்பனார். பெயரோ மகனுடையது!

தகப்பனார் மகனைக் குத்தகை இடத்திலிருந்து வெளியேறச் சொன்னார். மகன் பக்கத்திலேயே சொந்தத் தொழிற்சாலையைக் கட்டிக்கொண்டார். ஒன்று பழைய கார்ல்ஸ்பெர்க், மற்றொன்று புதிய கார்ல்ஸ்பெர்க் என்று ஆயிற்று. நடுவே போகும் சாலைக்குத் தகப்பனார் ஒரு பெயர் வைத்தால், மகன் வேறு பெயர்ப் பலகை வைத்தார். ஊரே பார்த்துச் சிரித்தது.

1882-ம் ஆண்டு தகப்பனார் கடைசி அம்பை எய்தார். உயிலை மாற்றினார். தமக்குப் பிறகு தொழிற்சாலை மகனுக்கு இல்லை. அறநிதிக்கே சேர வேண்டும் என்று எழுதினார். மகன் பெயரால் விளங்கிய தொழிற்சாலை மகனுக்கு இல்லாமல் போயிற்று.

இத்தனைக்கும் கார்ல் கெட்டவர் அல்ல. ஊதாரியும் அல்ல. தகப்பனாரைப் போலவே உழைப்பாளி. தகப்பனாரைப் போலவே பிடிவாதக்காரர். அதுதான் கஷ்டம். ஒரே உறையில் இரண்டு கத்தி எப்படி இருக்கும்?

ரோமாபுரியில் முடிவு

வயது ஆக ஆகக் கோபம் தணிந்தது. 1886-ம் ஆண்டு தகப்பனும் மகனும் சமாதானம் ஆனார்கள். உயில் மட்டும் மாறவில்லை. மகனும் அதை மாற்றும்படி வழக்காடவில்லை.

மறு வருடம் ஜேக்கப்சன் இத்தாலிக்குப் பிரயாணம் போனார். ரோமாபுரியில் நோய்வாய்ப்பட்டார். 1887-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி அங்கேயே காலமானார். அவருக்கு வயது 75.

பிறகு மகன் என்ன செய்தார்? அதுதான் இந்தக் கதையிலேயே பெரிய அதிசயம்.

1902-ம் ஆண்டு கார்ல் தம் சொந்தத் தொழிற்சாலையையும் தகப்பனாரின் அறநிதிக்கே கொடுத்துவிட்டார்! 1906-ம் ஆண்டு பழைய கார்ல்ஸ்பெர்க்கும் புதிய கார்ல்ஸ்பெர்க்கும் ஒன்றாயின. கார்ல் சேகரித்த சிற்பங்கள் கோப்பன்ஹேகனில் ஒரு பெரிய கலைக்கூடமாக இருக்கின்றன. அந்த நகரத் துறைமுகத்தில் பாறை மீது அமர்ந்திருக்கும் கடற்கன்னிச் சிலையை உலகமே அறியும். 1913-ம் ஆண்டு அதை நகரத்துக்குக் கொடுத்தவரும் கார்ல்தான். மறு ஆண்டு அவர் இறந்தார்.

வால்பியில் கார்ல் ஒரு மாதாகோவில் கட்டினார். அதன் நிலவறையில் தகப்பனார், தாயார், மகன், மருமகள் நால்வரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஒரே தெருவில் சேர்ந்து வாழ முடியாதவர்கள் ஒரே கூரையின் கீழ் துயில்கிறார்கள்.

நிலைத்து நிற்பது எது?

ஜேக்கப்சனின் ஆராய்ச்சிசாலை பீரோடு நிற்கவில்லை. உணவில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அறிய 1883-ம் ஆண்டு கெல்டால் என்ற விஞ்ஞானி அங்கே ஒரு முறை கண்டுபிடித்தார். அது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. ஒரு திரவத்தில் புளிப்பு எவ்வளவு, காரம் எவ்வளவு என்று சொல்லும் பி.எச். என்ற அளவை 1909-ம் ஆண்டு வகுத்த சோரன்செனும் அந்த ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்தவரே. மண்ணைப் பரிசோதிக்கும் இடத்திலும் தண்ணீரைப் பரிசோதிக்கும் இடத்திலும் அந்த அளவு இல்லாமல் வேலை நடக்காது.

ஜேக்கப்சன் வாழ்ந்த மாளிகையை, நாட்டுக்குப் பெருமை தேடித் தந்த அறிஞர் ஒருவர் குடியிருக்கக் கொடுக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அணுவின் அமைப்பை விளக்கிய நீல்ஸ் போர் 1932-ம் ஆண்டு முதல் 1962-ம் ஆண்டு இறக்கும் வரை அங்கேதான் வசித்தார்.

கார்ல்ஸ்பெர்க் இன்று உலகெங்கும் விற்கும் பெரிய கம்பெனி. வால்பியில் பெரிய அளவில் பீர் காய்ச்சுவது 2008-ம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதற்கு முன்பே, 2005-ம் ஆண்டு, பழைய இடத்தில் ஒரு சிறு பீர் சாலையைத் தொடங்கி, அதற்கு ஜேக்கப்சனின் பெயரை வைத்தார்கள். கொஞ்சமாக, நிதானமாக, கைப்பக்குவத்தோடு காய்ச்சுவதற்காக ஏற்பட்ட சாலை அது. அவர் மகனோடு சண்டையிட்டதும் அந்த நிதானத்துக்காகத்தானே!

இப்போது பல நாடுகளிலும் அப்படிப்பட்ட சிறு பீர் சாலைகள் பெருகியிருக்கின்றன. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலும் சுத்தமான ஈஸ்ட்டை விலைக்கு வாங்கி, நினைத்தபடி காய்ச்ச முடிகிறது. காய்ச்சுகிறவரின் பெயர் பலருக்குத் தெரியாது. விளம்பரம் இல்லை. பெரிய கம்பெனிகளின் சத்தத்தில் அவர்களுடைய சரக்கு கவனிக்கப்படுவதும் இல்லை. ஆனால் அவர்கள் தொழில் நடத்த முடிவதே, அன்று ஒரு பெரிய முதலாளி தம் ரகசியத்தைத் திறந்து வைத்ததால்தான்.

2013-ம் ஆண்டு, கார்ல்ஸ்பெர்க்கின் பழைய நிலவறையில் ஒரு புட்டி அகப்பட்டது. ஹான்சென் காலத்துப் பீர்! அதன் அடியில் ஈஸ்ட் இருந்தது. விஞ்ஞானிகள் சோதித்தார்கள். அதில் சில உயிரணுக்கள் 130 வருடத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தன. அவற்றை வளர்த்து, பழைய முறைப்படியே பீர் காய்ச்சி, 2016-ம் ஆண்டு பலருக்கும் கொடுத்தார்கள்.

பூட்டி வைத்த செல்வத்தைக் கள்வன் கொண்டுபோவான். பகுத்துக் கொடுத்த அறிவு அழிவதில்லை. மூனிக்கிலிருந்து தொப்பிப் பெட்டியில் வந்த சேறு அதற்குச் சாட்சி.